அணை கட்டாத ஆறுகள்

மினியாபொலிஸ்
ஏப்ரல் 20

அன்புள்ள கண்ணம்மா,

உன் கடிதம் வந்த அன்று இரவே உன் அப்பாவின் போனும் வந்தது. ஜூன் மாதம் கூடப் படிக்கிற பிள்ளைகளோடு கனூவில் விஸ்கான்சின் ஆற்றில் போகப்போகிறாயாம், மணல்திட்டில் கூடாரம் போட்டு ராத்திரி தங்கப்போகிறாயாம். “நீ சொன்னா கேப்பா, வேண்டாம்னு சொல்லு” என்றார். அண்ணன் பேச்சைத் தட்டி எனக்குப் பழக்கமில்லை. ஆனால் இந்த ஒன்றில் நான் உன் பக்கம். போய் வா. அவரிடமும் அப்படித்தான் சொன்னேன். எப்படிப் போக வேண்டும், எதைக் கவனிக்க வேண்டும் என்று உனக்கு விவரமாக எழுதுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதனால் கடிதம் நீளும், பொறுத்துக்கொள்.

அப்பாவின் பயத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதே. நாங்கள் கொள்ளிடக் கரையில் வளர்ந்தவர்கள். எங்கள் தெருப் பையன் ஒருவன் மணல் அள்ளிய குழியில் போய்விட்டான். பார்த்தால் முழங்கால் அளவுத் தண்ணீர்தான். அடுத்த எட்டு வைத்த இடத்தில் ஆள் உயரத்துக்கு மேல் ஆழம். அவனைத் தேடி இறங்கியவர்களில் உன் அப்பாவும் ஒருவர். அன்றைக்கு வீட்டுக்கு வந்து திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார், சாப்பிடக்கூட உள்ளே வரவில்லை. ஆற்றுக்கு மகளை அனுப்பமாட்டேன் என்று அவர் சொல்லும்போது அதுதான் அவர் கண்முன் நிற்கிறது.

நீ போகிற ஆற்றிலும் அதே மாதிரி மடு உண்டு. இங்கே அதை யாரும் தோண்டவில்லை, ஆறே செய்கிறது. ஓட்டம் மணலை உருட்டிக்கொண்டு வந்து திட்டின் வால்பக்கம் கொட்டுகிறது. திட்டின் தலைப்பக்கம், அதாவது ஓட்டம் வந்து ஏறும் பக்கம், சரிவு சன்னமாக இருக்கும். கீழ்ப்பக்கம் கொட்டிய மணல் அப்படியே செங்குத்தாக நிற்கும். கணுக்கால் அளவுத் தண்ணீரில் விளையாடிக்கொண்டே ஓட்டம் போகும் திசையில் நடந்தால், அந்த விளிம்பு காலடியில் சரிந்துவிடும். கீழே ஆழமும் உண்டு, இழுப்பும் உண்டு. இந்த ஆற்றில் உயிர் போனவர்களில் பலர் படகு கவிழ்ந்து போனவர்கள் அல்ல, குளிக்க இறங்கி நடந்தவர்கள். ஆகவே படகில் இருக்கும்போது மட்டுமில்லை, திட்டில் இறங்கித் தண்ணீரில் கால் வைக்கும்போதும் லைஃப் ஜாக்கெட் உடம்பில் இருக்க வேண்டும், கொக்கிகள் எல்லாம் மாட்டியிருக்க வேண்டும். நடந்தால் ஓட்டத்தை எதிர்த்து மேல்நோக்கி நட. உன் அப்பாவிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அந்த வால்பக்கம் விஷயத்தை அவளுக்கு எழுதிடு” என்றார். எழுதிவிட்டேன்.

கூடாரத்தைத் திட்டின் உச்சியில் போடு, ஓரத்தில் வேண்டாம். மேலே பிரெய்ரி டு சாக் ஊரில் அணை இருக்கிறது. அங்கே தண்ணீர் திறந்தாலும், வடக்கே மழை பெய்தாலும், ராத்திரியில் ஆறு சத்தமில்லாமல் ஏறும். கனூக்களை மேலே இழுத்துப் போட்டுக் கவிழ்த்துக் கட்டிவிட்டுத் தூங்குங்கள். கிளம்புவதற்கு முன் மஸ்கோடா ஊரில் உள்ள நீரளவு நிலையத்தின் கணக்கை இணையத்தில் பார். நீ படிப்பதே அந்தப் பாடம்தான். விநாடிக்கு இத்தனை கனஅடி என்றால் என்ன என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆறு ஏறி ஓடினால் திட்டுகள் மூழ்கிவிடும், தங்க இடம் கிடைக்காது. அப்படியானால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். கூட்டத்தில் அதை முதலில் சொல்லும் ஆள் நீயாக இரு. கண்ணாடிப் பாட்டில் அந்த ஆற்றில் கூடாது என்பது சட்டம். ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் வேண்டாம், நனைந்தால் காயாது, குளிர் ஏறும். இரவுக்கான துணியை உருட்டி மூடும் நீர்புகாப் பைக்குள் வை.

நீச்சல். இது ஒன்றை நான் கெஞ்சிக் கேட்கிறேன். உன் பல்கலைக்கழகத்தில் நீச்சல் குளம் இருக்கிறது, இப்போதே சேர்ந்துவிடு. ஜூனுக்குள் மீன் மாதிரி நீந்த வேண்டாம். முகம் தண்ணீருக்குள் போனால் பதறாமல் இருக்கவும், மல்லாந்து மிதக்கவும் வந்தால் போதும். மெண்டோட்டா ஏரிக்கரையில் மெமோரியல் யூனியனில் கனூவும் கயாக்கும் வாடகைக்குத் தருவார்கள். ஆனால் முதல் பழக்கத்துக்கு நான் விங்ரா ஏரியைத்தான் சொல்வேன். சின்னது, வேகப் படகுகள் கிடையாது, அலை இருக்காது. கரையோரமாகவே கனூவைக் கவிழ்த்துப் பார்த்துப் பழகு. ஆற்றில் முதல் தடவையாகக் கவிழக் கூடாது.

கனூவா கயாக்கா என்று கேட்டிருந்தாய். கயாக் ஒற்றை ஆள் வண்டி. தண்ணீர் மட்டத்துக்குச் சமமாக உட்கார்ந்து இரட்டைத் துடுப்பை மாற்றி மாற்றிப் போட்டுப் போகலாம், காற்றுக்கும் அதிகம் அசையாது. கனூவில் இரண்டு பேர், ஆளுக்கொரு ஒற்றைத் துடுப்பு. முன்னால் இருப்பவர் வேகம் கொடுப்பார், பாறையையும் கட்டையையும் பார்த்துச் சொல்வார். பின்னால் இருப்பவர் திசை காப்பார். பின்னவர் வலப்பக்கம் போட்டால் படகு இடப்பக்கம் திரும்பும், அது இயற்கை. அதை நேர் செய்ய, இழுத்து முடிக்கும் இடத்தில் மேல் கையின் கட்டைவிரல் கீழே பார்க்கும்படி திருப்பி, துடுப்பின் தட்டையால் தண்ணீரைப் படகை விட்டு வெளியே லேசாகத் தள்ள வேண்டும். ஜே வீச்சு என்பார்கள். அது கையில் படிந்த நாளில் பக்கம் மாற்றாமலே மணிக்கணக்காகப் போகலாம். எனக்குக் கனூதான் பிடிக்கும். சாமான் கொள்ளும், தூக்கிச் சுமக்கலாம், கூட ஒருவர் இருந்தே தீர வேண்டும். மாமாவும் நானும் வீட்டில் பேசாத பல விஷயங்களைக் கனூவில்தான் பேசியிருக்கிறோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை என்பதால் கூட இருக்கலாம்.

அந்த ஆற்றைப் பற்றிச் சொல்கிறேன். விஸ்கான்சின் ஆறு மேலே உழைத்து ஓய்ந்து வருகிற ஆறு. காகித ஆலைக்கும் மின்சாரத்துக்குமாக அதன் குறுக்கே 26 அணைகள். கடைசி அணைதான் பிரெய்ரி டு சாக். அதற்குக் கீழே மிசிசிப்பியில் கலக்கும் வரை 92 மைல் தூரத்துக்கு ஒரு தடுப்பும் கிடையாது. 1673 ஜூன் மாதம் மார்க்கெட் என்ற பாதிரியாரும் ஜோலியே என்பவரும் இரண்டு மரப்பட்டைப் படகுகளில் இந்த வழியாகத்தான் இறங்கி மிசிசிப்பியைக் கண்டார்கள். அவர்களுக்கு வழி காட்டியவர்கள் இந்த மண்ணின் மக்கள். ஃபாக்ஸ் ஆற்றிலிருந்து இந்த ஆற்றுக்குப் படகைத் தரையில் சுமந்து கடந்த இடத்தில் இன்று போர்ட்டேஜ் என்றே ஊர் இருக்கிறது. 1989இல் மாநிலச் சட்டம் போட்டு இந்த 92 மைலின் இரு கரைகளையும் காத்தார்கள். படகிலிருந்து பார்த்தால் கரையில் கட்டடங்கள் கண்ணை உறுத்தக் கூடாது என்பதையே விதியாக எழுதி வைத்திருக்கிறார்கள். நீ போகும்போது கவனி, ஒரு வளைவு தாண்டினால் காடும் மணலும் தவிர ஒன்றும் இருக்காது. திட்டின் ஓரத்தில் மென்னோட்டு ஆமைகள் வெயில் காயும், படகு நெருங்கினால் தட்டையாக நழுவித் தண்ணீருக்குள் போய்விடும். தண்ணீர் தேயிலை வடித்த நிறத்தில் இருக்கும். அழுக்கு அல்ல, வடக்கே சதுப்பு நிலங்களின் இலைதழைச் சாறு இறங்கிய நிறம்.

இதற்கு அடுத்ததாக நீ போக வேண்டியது கிக்கப்பூ ஆறு. நீ இருக்கும் மேடிசனிலிருந்து மேற்கே இரண்டு மணி நேரம் போல. பனியாறுகள் இந்த நாட்டின் நடுப்பகுதியையே தேய்த்துத் தட்டையாக்கியபோது, அந்த மூலை மட்டும் தப்பிவிட்டது. அதனால்தான் அங்கே மட்டும் குன்றும் பள்ளத்தாக்குமாக இருக்கிறது. ஆறு சின்னது, சில இடத்தில் ஒரு கனூ குறுக்காக நின்றால் இரு கரையையும் தொடும். வளைந்து வளைந்து, பாதித் தூரம் வந்த வழியே திரும்பிப் போவதுபோல் போகும். இருபுறமும் மணற்பாறைச் சுவர்கள். பாறையிலிருந்து நீர் கசிந்துகொண்டே இருக்கும், அந்தக் கசிவில் பாசியும் பெரணியும் தொங்கும். ஜூலை வெயிலிலும் சுவரை ஒட்டிப் போனால் உள்ளிருந்து குளிர்காற்று முகத்தில் படும். பனியுகத்து மிச்சமாக, வேறெங்கும் அரிதாகவே கிடைக்கும் சில செடிகள் அந்தச் சுவர்களில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வடக்கத்தி மாங்க்ஸ்ஹூட் என்று நீலப் பூ பூக்கும் ஒன்று அவற்றில் சேர்த்தி.

உனக்காகவே இந்த ஆற்றின் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். அங்கே லா ஃபார்ஜ் என்ற ஊரில் 1962இல் அணை கட்ட நாடாளுமன்றம் அனுமதி கொடுத்தது. கீழே உள்ள ஊர்கள் வெள்ளத்தில் மூழ்கிக்கொண்டே இருந்தன, அணை வேண்டும் என்று கேட்டவர்கள் அவர்கள்தான். அதில் அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ராணுவப் பொறியாளர் படை நிலத்தை எடுத்தது. 140க்கும் மேற்பட்ட குடும்பங்கள் வீடு, கொட்டகை, பால்பண்ணை எல்லாவற்றையும் விட்டு வெளியேறின. மண் அணையும் எழுந்தது, தண்ணீர் எடுக்கும் கான்கிரீட் கோபுரமும் எழுந்தது. அதற்குள் செலவு எகிறியது. 1974இல் உன் பல்கலைக்கழகத்துச் சுற்றுச்சூழல் ஆய்வாளர்கள், தேங்கும் ஏரி தெளிந்த ஏரியாக இருக்காது, பண்ணைகளிலிருந்து வரும் உரச்சத்தில் பாசி மண்டிப் போகும் என்று கணக்குப் போட்டுச் சொன்னார்கள். 1975இல் வேலை நின்றது. நின்றது நின்றதுதான். கோபுரம் இன்றும் வயலுக்கு நடுவே வெறுமனே நிற்கிறது.

அந்தக் குடும்பங்களுக்கு நிலம் திரும்பக் கிடைக்கவில்லை. ஏரியும் வரவில்லை, ஏரியை நம்பிப் பேசிய வியாபாரமும் வரவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பள்ளத்தாக்கு யாருக்கும் இல்லாமல் கிடந்தது. பிறகுதான் சுமார் 8,600 ஏக்கரும் மாநிலத்தின் கைக்கும், அந்த மண்ணின் பூர்வகுடிகளான ஹோ-சங்க் மக்களின் கைக்கும் வந்தது. இரு தரப்பும் சேர்ந்து அதைக் காப்பகமாக நடத்துகிறார்கள். நீ படகில் போகும்போது கரையில் திடீரென்று ஒரு வரிசை லைலாக் புதர், பழைய ஆப்பிள் மரம் என்று தென்படலாம். அங்கே ஒரு வீட்டு வாசல் இருந்தது என்று அர்த்தம். மேட்டூர் அணைக்குள் போன ஊர்களைப் பற்றி உன் தாத்தா சொல்லிக் கேட்டிருப்பாய். நீ நாளைக்கு ஏதோ ஓர் ஆற்றின் மேல் கோடு போட்டுக் கையெழுத்துப் போடப்போகிறவள். அந்தக் கோபுரத்தை நீ ஒரு தடவை ஆற்றின் மட்டத்திலிருந்து பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. புத்தகத்தில் அது ஒரு பத்தியாகத்தான் வரும்.

கிக்கப்பூவில் கவனிக்க வேண்டியது விழுந்த மரங்கள். வெள்ளம் வந்து போன பிறகு வளைவின் வெளிப்பக்கத்தில் மரங்கள் சாய்ந்து கிடக்கும். தண்ணீர் கிளைகளுக்கு ஊடே போய்விடும், படகும் ஆளும் போக முடியாது, ஓட்டம் அழுத்திப் பிடித்துக்கொள்ளும். வளைவு வருவதற்கு முன்பே உள்பக்கம் ஒதுங்கிவிடு. தப்ப முடியாமல் மோதப்போகிறது என்றால் உடம்பு தானாகவே பின்பக்கம், ஓட்டம் வரும் பக்கம் சாயும். அப்படிச் சாய்ந்தால் ஒரே நொடியில் படகுக்குள் தண்ணீர் ஏறிக் கவிழும். மரத்தை நோக்கிச் சாய வேண்டும், மரத்தைக் கட்டிப் பிடிக்க வேண்டும். தண்ணீரில் விழுந்துவிட்டால் மல்லாந்து, கால் ஓட்டம் போகும் திசையில் முன்னே இருக்கும்படி மிதந்து போ. வேகமான ஓட்டத்தில் எழுந்து நிற்க முயலாதே, கால் கல்லிடுக்கில் மாட்டும். கரையேறிய பிறகு சட்டை மடிப்பு, முழங்கால் பின்புறம், காதுமடல் எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று பார். லைம் காய்ச்சல் அந்தப் பக்கம் சாதாரணம்.

செயின்ட் குரோய் ஆற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீ இங்கே வரும்போது நானே அழைத்துப் போவேன். 1968இல் கட்டற்ற ஆறுகளைக் காக்கும் சட்டம் வந்தபோது முதல் பட்டியலில் இருந்த எட்டு ஆறுகளில் அது ஒன்று. மினசோட்டாவின் மாண்டேலும் விஸ்கான்சினின் நெல்சனும் சேர்ந்து பாடுபட்டார்கள். அங்கேயும் அணை கட்டவென்றே ஒரு மின் நிறுவனம் கரையை மைல் மைலாக வாங்கி வைத்திருந்தது. அந்த அணைகள் எழவே இல்லை, நிலம் காப்புக்கு வந்தது. டெய்லர்ஸ் ஃபால்ஸ் ஊருக்குக் கீழே எரிமலைப் பாறைச் சுவர்களுக்கு இடையில் ஆறு கறுத்து ஆழமாக ஓடும். பனியாறு உருகி வந்த வெள்ளம் கற்களைச் சுழற்றிச் சுழற்றி அந்தப் பாறையில் கிணறு கிணறாகக் குடைந்திருக்கிறது, ஆழமானது 60 அடி. நாற்பது வகைச் சிப்பிகள் அந்த ஆற்றடியில் உயிரோடு இருக்கின்றன. அவ்வளவு வகை இருக்கிறதென்றால் தண்ணீர் எப்படிப்பட்டது என்று நீயே சொல்வாய்.

இப்போது என் மனதுக்கு மிக நெருக்கமான இடத்துக்கு வருகிறேன். மினசோட்டாவின் வடக்கு விளிம்பில், கனடாவை ஒட்டி, பவுண்டரி வாட்டர்ஸ். பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் காடு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகள், 1,200 மைலுக்கு மேல் படகு வழி. சாலை கிடையாது. பெரும்பாலான ஏரிகளில் மோட்டார் கிடையாது. 1949இல் ட்ரூமன் ஆணை போட்டதிலிருந்து தாழப் பறக்கும் விமானமும் கிடையாது. 1920களில் பேக்கஸ் என்ற ஆலை முதலாளி அந்த ஏரிகளில் அணைகள் கட்டி நீர்மட்டத்தை உயர்த்தத் திட்டம் போட்டார். தீவுகள், அருவிகள், கரைக்காடு எல்லாம் மூழ்கியிருக்கும். ஓபர்ஹோல்ட்ஸர் என்ற ஒற்றை மனிதர் கனூவில் அந்த ஏரிகளையெல்லாம் சுற்றியவர். பணமும் பதவியும் இல்லாமல் அதை எதிர்த்து நின்றார், 1930இல் சட்டம் வந்து திட்டம் நின்றது. நான் அங்கே துடுப்புப் போடும்போதெல்லாம் கரைப்பாறையில் நீர்மட்டக் கோட்டைப் பார்ப்பேன். அது அங்கேயே இருக்கிறது என்பதே எனக்குச் சந்தோஷம்.

ஏரிக்கும் ஏரிக்கும் நடுவே தரை வந்தால் கனூவைத் தூக்கித்தான் கடக்க வேண்டும். அதற்குப் பேர் போர்ட்டேஜ். தூரத்தை அங்கே மைலில் சொல்ல மாட்டார்கள், ராடு என்பார்கள். ஒரு ராடு பதினாறரை அடி, ஏறத்தாழ ஒரு கனூவின் நீளம். 320 ராடு ஒரு மைல். அலுமினியக் கனூ 75 பவுண்டு வரும், கெவ்லார் என்றால் நாற்பத்துச் சொச்சம். நடுவில் ஒரு நுகத்தடி இருக்கும், அதைத் தோளில் வைத்தால் படகு தலைக்கு மேல் கவிழ்ந்து நிற்கும். கண்ணுக்குத் தெரிவது காலடியில் பத்தடிப் பாதை மட்டும். வேர், கல், சேறு. உன் மூச்சு படகின் உட்புறத்தில் பட்டு உனக்கே பெரிதாகக் கேட்கும். அந்தச் சத்தத்துக்கே வந்ததுபோல் கொசுக்கள் உள்ளே கூடிவிடும், கை விட முடியாது. தோள் எலும்பு இறங்கிவிட்டது என்று நினைக்கும் நேரத்தில் மரங்களுக்கு நடுவே கீழே ஒரு வெளிச்சம் தெரியும், அடுத்த ஏரி. படகை முழங்காலுக்கு இறக்கி, அங்கிருந்து தண்ணீருக்கு இறக்கி, நிமிர்ந்து நிற்கும்போது உடம்பு தரையை விட்டு எழும்புவதுபோல் இருக்கும். முன்காலத்தில் தோல் வியாபாரத்துக்காகத் துடுப்புப் போட்ட பிரெஞ்சு ஆட்கள் கிராண்ட் போர்ட்டேஜில் எட்டரை மைல் பாதையில் ஒரு தடவைக்குத் தொண்ணூறு பவுண்டு மூட்டை இரண்டைச் சுமந்திருக்கிறார்கள். அவர்களுக்கு முன்பே அந்தப் பாதைகளையெல்லாம் போட்டு வைத்தவர்கள் ஓஜிப்வே மக்கள்.

இரவில் லூன் பறவை கூப்பிடும். முதல் தடவை கேட்டால் யாரோ அழுவதாக நினைத்துக் கூடாரத்துக்குள் எழுந்து உட்காருவாய். மற்றப் பறவைகளைப் போல் அதற்கு எலும்பு அவ்வளவு பொள்ளல் இல்லை, கனம். அதனால்தான் அவ்வளவு ஆழம் முங்குகிறது. குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு நீந்தும். அது தெரிந்தால் படகை விலக்கிப் போ.

ஏரியின் ஆழமில்லாத ஓரங்களில் பச்சையாக நிற்கும் பயிரைப் பார்த்தால் உனக்கு நம் ஊர் வயல் ஞாபகம் வரும். மனூமின் என்பார்கள் ஓஜிப்வே மக்கள், காட்டரிசி. யாரும் விதைக்கவில்லை, நாற்று நடவில்லை. நம் நெல்லுக்குத் தூரத்துச் சொந்தம்தான், வேறு இனம். ஆகஸ்ட் கடைசியில் முற்றும். ஒருவர் பின்னால் நின்று நீண்ட கழியால் கனூவைத் தள்ளுவார். இன்னொருவர் உட்கார்ந்து, கையில் இரண்டு லேசான கோல். ஒரு கோலால் தாளை மடி மேல் வளைத்து, மறு கோலால் தட்டினால் மணி படகுக்குள் உதிரும். அடித்தால் செடி ஒடிந்துவிடும், தடவுவதுபோல் தட்ட வேண்டும். முற்றாத மணி செடியிலேயே நிற்கும். தண்ணீரில் விழுவது விழட்டும், அது அடுத்த வருஷத்து விதை. கோல் முப்பது அங்குலத்துக்கு மேல் நீளக் கூடாது, ஒரு பவுண்டுக்கு மேல் எடை கூடாது, படகு பதினெட்டு அடிக்கு மேல் கூடாது என்று மாநிலமே விதி வைத்திருக்கிறது. மணியின் மூக்கில் முள் போன்ற சுணை இருக்கும், சட்டைக்குள் போனால் நாள் முழுக்கக் குத்தும்.

உன் பாடத்துக்கு உதவும் ஒன்று: இந்தப் பயிர் இருக்கும் தண்ணீரில் சல்ஃபேட் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று மினசோட்டா 1973இலேயே விதி செய்தது. அடிச்சேற்றில் சல்ஃபேட் சல்ஃபைடாக மாறி வேரைக் கெடுக்கிறது. அந்த வட்டாரத்துப் பாறையில் தாமிரம் இருக்கிறது, அது கந்தகத்தோடு சேர்ந்தே கிடக்கிறது. அதைத் தோண்டலாமா கூடாதா என்ற சண்டை பல வருஷமாக நடக்கிறது. சுரங்க வேலையை நம்பி இருக்கும் குடும்பங்கள் அங்கே உண்டு, எனக்குத் தெரிந்தவர்களும் உண்டு. ஆனாலும் ஓர் ஏரி இன்னோர் ஏரியில் வடியும் அந்த இடத்தில் தோண்டக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நீ நீரியல் படிக்கிறவளாக யோசித்து உன் பதிலை எனக்கு எழுது. என்னோடு ஒத்துப்போக வேண்டும் என்று இல்லை.

கயாக் ஆசையை சுப்பீரியர் ஏரியில் தீர்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதே, இப்போதைக்கு. அப்போஸ்தல் தீவுகளில் அலை குடைந்த சிவந்த குகைகளுக்குள் கயாக்கில் நுழையலாம், அழகு சொல்லி மாளாது. ஆனால் அந்த ஏரி கோடையிலும் குளிர்ந்தே கிடக்கும், காற்று மாறினால் அரை மணியில் கடலாகிவிடும். மூடிய கடல் கயாக், குளிருக்கான ரப்பர் உடை, கூட வழிகாட்டி, இந்த மூன்றும் இல்லாமல் அங்கே இறங்காதே. இரண்டு வருஷம் போகட்டும்.

உனக்குப் பிடிக்கும் என்று ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். டாரதி மோல்ட்டர், நர்சாக இருந்தவர். 1930இல் முதல் தடவை நைஃப் ஏரிக்கு வந்தார், பிறகு அங்கேயே ஒரு தீவில் தங்கிவிட்டார், பெரும்பாலும் தனியாக. சாலையும் மின்சாரமும் இல்லாத இடம். அந்த வழியாகத் துடுப்புப் போட்டு வந்தவர்களுக்கெல்லாம் வீட்டில் காய்ச்சிய ரூட் பீர் கொடுத்தார், காயம் பட்டவர்களுக்குக் கட்டுப் போட்டார். காட்டைக் காப்பகமாக்கிய பிறகு மற்றவர்களை வெளியேற்றியபோது, இவர் இருக்கட்டும் என்று மக்கள் கேட்டு அனுமதி வாங்கினார்கள். 1986 டிசம்பரில் அங்கேயே இறந்தார். அவருடைய மரவீட்டைப் பிரித்து நாய்வண்டியிலும் பனிவண்டியிலும் ஈலி ஊருக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். போகிற வழியில் காட்டுகிறேன்.

ஆமாம், போகிறோம். ஆகஸ்ட் மூன்றாம் வாரம், கொசு தணிந்திருக்கும். லேக் ஒன் வழியாக உள்ளே போவோம், அங்கே போர்ட்டேஜ்கள் சின்னவை, உனக்கு முதல் தடவைக்குச் சரி. மூன்றாவது ஏரியின் கரை 2011 காட்டுத்தீயில் எரிந்தது. கருகிய கம்பங்களுக்குக் கீழே ஜாக் பைன் இளங்காடு நெருக்கமாக எழுந்து நிற்பதைப் பார்க்கலாம். அதன் காய்கள் சூட்டில்தான் திறக்கும். நுழைவுச்சீட்டு நாளுக்கு இத்தனை கூட்டம் என்று அளந்து கொடுப்பார்கள், நல்ல தேதிகள் சீக்கிரம் போய்விடும். அதனால் மாமா ஏற்கெனவே நான்கு பேருக்கு எடுத்துவிட்டார். நான்காவது ஆள் உன் அப்பா. அப்போது இங்கே இருப்பார் அல்லவா? அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை, நீ கேட்டால் ஒப்புக்கொள்வார். டப்பா, பாட்டில் எதுவும் அனுமதியில்லை. பருப்புப்பொடி, அவல், வறுத்த ரவை, புளிக்காய்ச்சல் எல்லாம் நான் பையில் கட்டிக் கொண்டுவருகிறேன். சாப்பாட்டுப் பொருளைக் கரடி எட்டாதபடி பூட்டும் பீப்பாயும் எங்களிடம் இருக்கிறது.

விஸ்கான்சின் ஆற்றிலிருந்து கரையேறிய உடனே, எனக்கு இல்லை, அப்பாவுக்கு முதலில் போன் செய். லைஃப் ஜாக்கெட் மார்பளவை வைத்துத்தான் எடுக்க வேண்டும். உன் அளவையும் அப்பாவின் சட்டை அளவையும் இந்த வாரத்துக்குள் எழுது.

அன்புடன்,
அத்தை